தெளிந்த பின் நம்புக
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேட்டுப்பாளையம் நீலகிரி மலைக்குத் தலைவாயிலாக விளங்கும் ஊர். மலையில் பிறந்து பாய்ந்துவரும் பவானி நதி சமவெளியின் நிலத்தைத் தொட்டு அமைதி கொள்வதும் இவ்வூரின் அருகில்தான். அந்நதிக்கரையில், தேக்கம்பட்டியில் எழுந்தருளியுள்ள அருள்மிகு வனபத்ரகாளியம்மனை வணங்கிவிட்டு மலைப்பயணம் தொடங்குவோர் பலர். கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் எனப் பல திசைகளிலிருந்தும் குடும்பத்தோடு வாகனங்களில் வருவோர் அன்னையின் திருமுன் நின்று, 'போய் வரும் வழியில் துணை நிற்பாய் தாயே' என்று வேண்டிக்கொள்கின்றனர்.

புதிய வாகனம் வாங்கியவர்கள் அதற்கு மாலை சாற்றி, சந்தன குங்குமம் இட்டு, சூடம் காட்டி, சக்கரங்களின் கீழ் எலுமிச்சங்கனி வைத்து அதன்மேல் வண்டியை ஏற்றி எடுப்பது தமிழகத் திருக்கோயில் வாயில்களில் நாள்தோறும் காணும் காட்சியாகும். சக்கரம் தடையின்றி உருள வேண்டும் என்பது அவ்வழிபாட்டின் வேண்டுதல். ஆயினும் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்கள் இன்னொன்றையும் அறிவர். சக்கரம் உருள்வதற்கு அருள் வேண்டும். வேண்டிய இடத்தில் அது நிற்பதற்கு அதனினும் மிகுந்த அருள் வேண்டும்.

அந்தச் சக்கரத்தை நிறுத்துவது எது? பிரேக். அந்தப் பிரேக்கைச் செப்பனிட்டுத் தருபவர் யார்? பெரும்பாலும் வாகன உரிமையாளருக்கு ஊர் பேர் அறிமுகமில்லாத ஒரு மெக்கானிக். முகமறியாத அந்த ஒரு மனிதரின் கைத்திறனையும் மனச்சான்றையும் நம்பித்தான் தாயும் தந்தையும் குழந்தைகளும் அமர்ந்த வண்டி மலையிலிருந்து இறங்குகிறது. அவரை நம்பலாமா, நம்பலாகாதா? நம்புவதாயின் எவ்வாறு நம்புவது? இன்றைய சிந்தனைக்கு உரிய பொருள் இதுவே.

இறக்கத்தின் கணக்கு

மலை ஏறுவது இயந்திரத்தின் வேலை. மலை இறங்குவது பிரேக்கின் வேலை. இவ்வுண்மையை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ரயில் நிலையம் இருப்பது சுமார் 1,710 மீட்டர் உயரத்தில். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான சாலையில் ஒரு வாகனம் ஏறத்தாழ 1,380 மீட்டர் கீழே இறங்குகிறது. ஆட்களும் மூட்டைகளும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வாறு இறங்கும்போது, அது மேலே ஏறுகையில் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் எங்கேனும் வெளியேறியாக வேண்டும். அவ்வாற்றல் வெப்பமாக மாறினால், சாதாரண நீர் சுமார் 70 லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஐந்து குடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அந்த வெப்பத்தை, உள்ளங்கை அளவே உள்ள சில பிரேக் கட்டைகள் தாங்கவேண்டியிருக்கிறது.

தாழ்ந்த கியரில் இறங்கினால் அவ்வெப்பத்தில் பெரும்பங்கை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரிலோ, நியூட்ரலிலோ இறங்கினால் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். அப்போது பிரேக் பேடும் டிஸ்க்கும் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிமானத்தை இழக்கின்றன. பிரேக் ஆயிலுக்கும் ஒரு கொதிநிலை உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 வகை 230 பாகை வரை தாங்கும். ஆனால் அந்த ஆயிலுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டு நீர் கலந்துபோன நிலையில், அதே ஆயிலுக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சக் கொதிநிலை முறையே 140, 155 பாகைகளே. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், சக்கரம் நிற்காது. ஊருக்குள் குறையின்றி ஓடிய வண்டி மலையில் மட்டும் கைவிடுவதன் காரணம் இதுவேயாகும்.

மலை ரயில் கற்பிக்கும் பாடம்

மேட்டுப்பாளையத்து மக்களுக்கு இந்த உண்மை புதிதன்று. 1899ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், பின்னர் 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயில் இதனை நாள்தோறும் கற்பித்துக்கொண்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த ரயிலின் அழகைப் புகழாதவர் இல்லை. அதன் பாதுகாப்பு முறையைக் கவனித்தவர்களோ சிலரே.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் தொடங்குகிறது. பாதையின் ஏற்றம் சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி. அந்தச் செங்குத்தான பகுதியில் இயந்திரம் வண்டிக்கு முன்னே நின்று இழுப்பதில்லை. கீழ்ப்புறத்தில் நின்று மேல்நோக்கித் தள்ளுகிறது. ஏதேனும் கழன்றாலும் பெட்டிகள் தனியே உருண்டோடாமல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து நிற்கவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். அதோடு நில்லாமல், பெட்டிதோறும் பிரேக்கைக் கையாளத் தனித்தனிப் பணியாளர்கள் நிற்கின்றனர். சக்கரங்களைப் பிடிக்கும் பிரேக் வேறு. பற்சட்டத்தைப் பற்றிக்கொள்ளும் பிரேக் வேறு.

இந்த ஏற்பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஓட்டுநரின் திறமையில் நம்பிக்கை இல்லாததாலா இத்தனை பிரேக்குகள் வைத்தனர்? அன்று. நம்பிக்கை வேறு, எச்சரிக்கை வேறு என்று பிரித்துப் பார்க்காத பெரியோர் வகுத்த முறை அது. ஒருவர் தவறினால் மற்றவர் காப்பார்; ஒரு கருவி தவறினால் மற்றொன்று காக்கும். பயணி சன்னலோரம் அமர்ந்து மலையழகைக் காண்பதற்கு அப்பணியாளர்கள் அனைவரின் விழிப்பும் அடித்தளமாக இருக்கிறது.

தேருக்கும் கட்டை உண்டு

திருக்கோயில் மரபும் இதனையே கூறுகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் காரமடை அருள்மிகு அரங்கநாதர் திருக்கோயிலில் மாசி மகத்தையொட்டித் தேரோட்டம் நடைபெறும்போது பல்லாயிரம் பேர் வடம் பிடிக்கின்றனர். வடம் பிடிப்போரை எல்லோரும் காண்பர். சக்கரத்தின் அருகே குனிந்தபடி ஓடிவந்து, தேர் விரையும் கணத்திலும் திரும்பும் கணத்திலும் முட்டுக்கட்டை இடுவோரைக் காண்பவர் குறைவு. தேரின் வேகமும் திசையும் அவர்கள் கையில் இருக்கின்றன. கட்டை இடுவதற்குக் கண்டவரை விடுவதில்லை. பலகாலம் பழகித் தேர்ச்சி பெற்றவரே அப்பணிக்கு அமர்த்தப்படுவர்.

அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உள்ளதாகக் கூறப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் நவீன முறையில் பிரேக் அமைத்துத் தந்தனர். தியாகராசப் பெருமான் எழுந்தருளும் தேருக்கே பிரேக் வேண்டியிருக்கிறது. அவ்வாறிருக்க, 'சாமி கும்பிட்டாயிற்று, இனி வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை' என்று ஒருவர் எண்ணுவது பக்தியாகாது. சோம்பலுக்குப் பக்தி என்று பெயரிடுவதாகும். ஆடிக் குண்டத் திருவிழாவில் அன்னையின் திருமுன் குண்டம் இறங்குவோரும் விரதமிருந்து, தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்ட பின்னரே இறங்குகின்றனர் அல்லவா?

வள்ளுவர் காட்டும் வழி

யாரை நம்புவது என்னும் கேள்விக்கு விடை கூறத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். 'தெரிந்து தெளிதல்' என்னும் 51ஆவது அதிகாரம் அது. அதையடுத்து வருவது 'தெரிந்து வினையாடல்'. அரசனுக்கு உரைத்த அறிவுரைகளாயினும் அவை வீட்டுக்கும் தொழிலுக்கும் பொருந்துவனவே.

அவ்வதிகாரத்தின் நிறைவில் அவர் இரண்டு தவறுகளை ஒரே தராசில் வைக்கிறார். ஒருவரை ஆராயாது நம்பிவிடுவது ஒரு தவறு. ஆராய்ந்து நம்பிய பின் அவரையே சந்தேகிப்பது மற்றொரு தவறு. இரண்டும் தீராத துன்பத்தையே தரும் என்பது அவர் கருத்து. முதல் தவற்றை எல்லோரும் ஒப்புக்கொள்வர். இரண்டாவதையும் அதே எடையுள்ள தவறாக அவர் கூறியதுதான் எண்ணத்தக்கது.

வாகனம் வைத்திருப்போர் இவ்விரண்டு தவறுகளிலும் மாறிமாறி விழுகின்றனர். சிலர் சாவியைக் கொடுத்துவிட்டு, 'எல்லாம் பார்த்து வையுங்க' என்று கூறிச் சென்றுவிடுகின்றனர். என்ன பார்க்கப்பட்டது, எது மாற்றப்பட்டது என்று கேட்பதேயில்லை. வேறு சிலர் மெக்கானிக் எதைக் கூறினாலும் அது பணம் பறிக்கும் சூழ்ச்சி என்றே கொள்கின்றனர். தேய்ந்துபோன பேடை மாற்றவேண்டும் என்று உண்மை உரைத்தவரை விட்டு, 'இன்னும் ஆறு மாதம் ஓடும்' என்று இனிக்கப் பேசுபவரைத் தேடிச் செல்கின்றனர். முன்னவர் ஆராயாது நம்பியவர்; பின்னவர் ஆராயாது சந்தேகித்தவர். இருவரிடமும் இல்லாதது ஆராய்ச்சி ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நிகழ்ச்சியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மகன், மருமகள், பேரக்குழந்தைகளோடு உதகை செல்லப் புறப்பட்டு மேட்டுப்பாளையம் வந்து சேர்கிறார். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் 'கீச்' என்று ஓர் ஒலி. வழியோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்துகிறார். மெக்கானிக் முப்பது வயது இளைஞர். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முன்பக்கப் பேடு இரண்டு பக்கமும் மாற்றவேண்டும் என்கிறார்.

மகனுக்கோ ஐயம். வெளியூர் வண்டி என்று கண்டு ஏமாற்றுகிறார் என்று தந்தையின் காதில் மெல்லக் கூறுகிறான். ஆசிரியர் சினங்கொள்ளவில்லை, கண்மூடி ஒப்புக்கொள்ளவுமில்லை. இளைஞரின் அருகே சென்று அமர்கிறார்.

"ஏன் தம்பி, மேலே போயிட்டு வந்து மாத்திக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்கய்யா. ஏறுறதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எறங்கறப்பத்தான் தாங்காதுங்க. இங்க பாருங்க, கட்டை ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்லீங்க."

"டிஸ்க்கும் மாத்தோணுமுங்களா?"

"டிஸ்க் நல்லா இருக்குதுங்க. அளந்து பாத்துட்டனுங்க. அதுக்கு வீணா காசு செலவு பண்ண வேண்டாமுங்க. ஆயில் மட்டும் கருத்துப் போச்சுங்க. அதையும் மாத்தி, ஏர் எடுத்துத் தந்தர்றனுங்க."

"இப்படியே போறேன்னு சொன்னா?"

"வண்டிய இங்கயே நிறுத்திட்டு பஸ்ஸுல போயிட்டு வாங்கய்யா. குழந்தைங்கள வெச்சுட்டு இப்படியே அனுப்பிச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க."

இந்த உரையாடலில் அந்த ஆசிரியர் செய்தது என்ன? அவர் இயந்திர நூல் கற்றவர் அல்லர். எனினும் நான்கு செய்திகளைத் தெரிந்துகொண்டார். குறையைக் கண்ணால் காட்டினார் அந்த இளைஞர். வாயால் மட்டும் கூறவில்லை. மாற்றவேண்டாததை மாற்றவேண்டாம் என்று தாமே கூறினார். வந்த வருவாயை விட்டுக்கொடுத்தார். ஏன் மாற்றவேண்டும் என்பதற்குக் காரணம் உரைத்தார். தமக்கு வருவாய் இல்லாமற் போனாலும் சரி, பழுதான வண்டியை அனுப்பமாட்டேன் என்று மறுத்தார். இந்நான்கும் ஒருவரிடம் இருக்குமாயின் அவரை நம்பத் தயங்க வேண்டியதில்லை. ஆசிரியர் மகனைப் பார்த்து, இனிச் சந்தேகம் வேண்டாம் என்று கூறி, வேலை முடியும்வரை பொறுமையோடு காத்திருந்தார். வள்ளுவர் கூறிய தெளிவும், தெளிந்தபின் ஐயுறாமையும் அங்கே ஒருங்கே நிறைவேறின.

உரிமையாளரின் கடமை

இத்தெளிவை யாவரும் பெற இயலும். அதற்குச் சில எளிய பழக்கங்கள் போதும்.

முதலாவது, பிரேக் தானே பேசும் மொழியை அறிதல். கீச்சொலி எழுந்தால் பேடு தேய்ந்திருக்கலாம். தேய்ந்ததை அறிவிக்கவே பல வண்டிகளில் சிறு தகடு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. இரும்போடு இரும்பு அரைபடும் ஒலி கேட்டால், பேடு முழுதும் தேய்ந்து டிஸ்க்கும் பழுதாகத் தொடங்கிவிட்டது என்பது பொருள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். பிரேக் மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மற்றப் பக்கத்துப் பிரேக் சரிவரப் பிடிக்கவில்லை எனலாம். பிரேக் ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்தால் பேடு தேய்ந்திருக்கலாம் அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். மேலே ஆயில் ஊற்றி நிரப்பிவிடுவதால் மட்டும் அக்குறை நீங்காது.

இரண்டாவது, கேட்கவேண்டியதை மரியாதையோடு கேட்டல். வேலை தொடங்குமுன் எவையெவை மாற்றப்படும், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுதல் நன்று. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்வதில் தவறேதும் இல்லை. நேர்மையானவர் கேட்குமுன்னரே எடுத்துக் காட்டுவார். புதிய பேடு பொதுவாகச் சுமார் 10 மில்லிமீட்டர் கனமிருக்கும். அது தேய்ந்து 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் மாற்றிவிடுவது வழக்கம். டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு பெரும்பாலும் அந்தத் தட்டின்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றை அளந்து காட்டச் சொல்வது ஐயத்தின் அடையாளமாகாது. பேடை ஒரு சக்கரத்திற்கு மட்டும் மாற்றாமல், ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். புதிய பாகத்தின் பெட்டியையும் ரசீதையும் பெற்றுக்கொள்வது போலிப் பாகங்களிலிருந்து காக்கும்.

மூன்றாவது, பேரத்தையும் அவசரத்தையும் பிரேக்கில் காட்டாதிருத்தல். பாதி விலைக்குப் பாகம் வேண்டும் என்றும், அரைமணியில் முடித்துத் தரவேண்டும் என்றும் வற்புறுத்துகிறவர் அந்த மெக்கானிக்கைத் தாமே தவற்றின் பக்கம் தள்ளுகிறார். பின்னர் பழியை அவர்மேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

நான்காவது, இரண்டாம் கருத்தைக் கேட்கவேண்டுமாயின் வேலை தொடங்குமுன் கேட்டல். பாதி வேலையில் மற்றொருவரை அழைத்துவந்து குறை காணச் செய்வது தொழிலாளியின் மனத்தைப் புண்படுத்தும், வேலையும் கெடும்.

இங்கே மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். பேருந்து, லாரி முதலிய வாகனங்கள் தகுதிச் சான்றுக்காகக் குறித்த காலங்களில் ஆய்வுக்குச் செல்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டுகள் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போதுதான் அத்தகைய ஆய்வு வருகிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அக்காரின் பிரேக்கைப் பார்க்கும் கண்கள் உரிமையாளருடைய கண்களும் அவர் தேர்ந்தெடுத்த மெக்கானிக்கின் கண்களுமே. ஆதலின் அவரைத் தேர்ந்தெடுப்பது, குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒப்பான பொறுப்பாகும். மலைப்பயணத்தின் காலையில் தேடத் தொடங்காமல், சிறு வேலைகளைக் கொடுத்துப் பார்த்து, சொன்ன சொல் காப்பவரா என்று அறிந்து வைத்திருத்தல் அறிவுடைமை.

தொழிலாளியின் அறம்

கொங்கு நாடு இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற மண். கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்த கோ. துரைசாமி நாயுடு அவர்கள், இளமையில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனை முற்றிலும் பிரித்துப் பூட்டிப் பார்த்தே இயந்திர அறிவு பெற்றார் என்பது பலரும் அறிந்த வரலாறு. 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு அவர் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பழநியாண்டவரைத் தரிசிக்கச் செல்லும் பக்தர்களை ஏற்றிச்சென்ற அந்த வழித்தடத்திலிருந்து ஒரு பெருந்தொழில் வளர்ந்தது. பிரித்துப் பார்க்காமல் எதையும் அறிந்ததாகக் கொள்ளாத அந்த மனப்பாங்கே கொங்கு நாட்டுப் பட்டறைகளின் மூலதனம்.

ஆயுத பூசை நாளில் இந்நாட்டுப் பட்டறைகள் கழுவித் துடைக்கப்பட்டு, ஸ்பானர்களும் சுத்தியல்களும் ஜாக்கிகளும் பொட்டிட்டு வரிசையாக அடுக்கப்படுகின்றன. அக்கருவிகள் வழிபாட்டுக்கு உரியனவாவது எதனால்? பிறர் உயிர் அவற்றை நம்பி இருப்பதால். சக்கரத்தைப் பூட்டும்போது ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்கினோமா என்று மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் கை, பூசைநாளில் சூடம் ஏற்றிய அதே கைதான். வேலை முடிந்ததும் பெடலை மிதித்து உறுதி செய்து, சிறிது தூரம் தாமே ஓட்டிப் பார்த்து, பின்னரே சாவியைத் தருபவர் தம் தொழிலையே வழிபாடாக்கியவர். மாற்றாத பாகத்துக்குப் பணம் பெற்றவரோ, தேய்ந்த பாகத்தை மறைத்து அனுப்பியவரோ அன்று மாலை வீட்டு விளக்கேற்றும்போது என்ன வேண்டிக்கொள்ள இயலும்? மலை வளைவில் அந்த வண்டிக்கு எதிரே வரும் பேருந்தில் அவருடைய உறவினரே அமர்ந்திருக்கலாம்.

நம்பிக்கை சிதைக்கப்பட்டால் அமைதியாக இருந்துவிடவேண்டும் என்று அறம் கூறவில்லை. முதலில் அவரிடமே சென்று, ரசீதைக் காட்டிச் செப்பமாகச் செய்து தரக் கேட்கலாம். அது பயன் தராவிடில், 2020ஆம் ஆண்டு சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணை நிற்கிறது. பழுதுபார்க்கும் பணியில் காட்டும் குறைபாடும் சேவைக் குறைபாடே. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இவை அனைத்துக்கும் எழுதி வாங்கிய சீட்டும் ரசீதுமே சான்று. ஒருவர் பிழைக்காக அத்தொழில் செய்வோர் அனைவரையும் வஞ்சகர் என்று தூற்றுவது மட்டும் தவிர்க்கத்தக்கது.

ஓட்டுநரின் பங்கு

மெக்கானிக் எத்துணை நேர்மையாகச் செப்பனிட்டாலும், ஓட்டுநர் முறை தவறினால் அவ்வுழைப்பு வீணாகும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்கள் வழிவழியாகக் கற்பிக்கும் பாடம். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். இயந்திரம் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் ஆற்றலும் குன்றிவிடும். காலை எந்நேரமும் பெடலிலேயே வைத்திருக்காமல், தேவையான இடத்தில் அழுத்தி விடுவிக்கவேண்டும்.

எரிந்த வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தினும் ஆழமாகச் சென்றாலோ, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி நன்கு ஆறவிடுதல் வேண்டும். சூடான டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது. திடீரெனக் குளிர்ந்தால் அது வெடிக்கவோ வளையவோ கூடும். பிரேக் பிடிக்காத நிலை நேர்ந்தால் பெடலை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, பள்ளத்தை விடுத்து மலைப்பக்கமாக வண்டியை அணைக்கவேண்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுதல் மலைப்பாதையின் விதி மட்டுமன்று, பண்பும் ஆகும்.

பக்தப் பெருமக்களே! அன்னையின் திருமுன் வேண்டிக்கொள்வது நம்பிக்கை. வண்டியைச் சோதித்து எடுத்துச் செல்வது பொறுப்பு. தகுதியுடையவரை ஆராய்ந்து தேர்வது அறிவு. தேர்ந்த பின் அவரை ஐயுறாது மதிப்பது பண்பு. தம்மை நம்பி வந்தவரின் உயிரைத் தம் உயிராக எண்ணிச் செப்பனிடுவது தொழிலாளியின் தவம். இவை ஐந்தும் ஒன்றுகூடும் இடத்தில், பர்லியாற்றுக் காட்டின் வளைவுகளைக் கடந்து இறங்கும் ஒவ்வொரு குடும்பமும் பவானிக்கரைக்கு நலமாக வந்து சேரும்.

அடுத்த முறை சக்கரத்தின் கீழ் எலுமிச்சங்கனி வைக்குமுன், அச்சக்கரத்தின் உட்புறத்தை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாருங்கள். மலை ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும், அவர்தம் வண்டிகளைச் செப்பனிடும் கைகளுக்கும் அருள்மிகு வனபத்ரகாளியம்மன் என்றும் துணை நிற்பாளாக.

வாழ்க வளமுடன்.